மூளை அலைப் பதிவும் மருத்துவ மாணவரின் கைப் பயிற்சியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

‘கல்வியும் தொழிலும்’ என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பொதுத் தலைப்பில் பேசுவது எளிது. கேட்பவர் கையில் ஒன்றும் தங்குவதில்லை. ஆதலின் ஓர் அறை, ஒரு கருவி, அக்கருவியின் முன்னே நின்று பயிலும் சில மாணவர்கள் என்னும் அளவிற்குப் பேச்சைச் சுருக்கிக் கொள்ள அவர்களிடம் இசைவு பெற்றோம். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவி அது. மருத்துவர்கள் இ.இ.ஜி. என்பர்.

நாம் மருத்துவர் அல்லோம். வரலாறு படித்து, பி.எட். முடித்து, வகுப்பறையே உலகமாக முப்பது ஆண்டுகளை நெருங்கும் பள்ளி ஆசிரியர். ஆயினும் வலிப்பு நோய் கண்ட நம் பள்ளிப் பிள்ளைகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற வகையில் அவ்வறையின் வாயிலில் பலமுறை காத்து நின்றிருக்கிறோம். அங்கே பட்ட மேற்படிப்பு மருத்துவர்களும் தொழில்நுட்ப மாணவர்களும் பயில்வதைக் கண்டோம். கண்டது வியப்பைத் தர, கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

முதற்கண் ஓர் அச்சத்தைப் போக்கி விடுதல் வேண்டும். ‘தலையில் கரண்ட் வைக்கிறார்கள்’ என்று நம் தெருக்களில் சொல்வதுண்டு. அச்சொல்லைக் கேட்டுப் பரிசோதனைக்கு வராமலே திரும்பிய தாய்மார்களை நாம் அறிவோம். இக்கருவி தலைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. மூளையில் இயல்பாகவே எழும் மின் அழுத்தத்தை அது வாங்கி எழுதுகிறது, அவ்வளவே. வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்து இதயத்தின் ஒலியைக் கேட்பது போன்றது இது. வலியில்லை, ஊசியில்லை.

அந்த மின் அழுத்தம் எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பாருங்கள். டார்ச்சு விளக்கின் ஒரு செல் ஒன்றரை வோல்ட் தரும். தலைத்தோலின் மேல் கிடைக்கும் மூளையலை ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே டார்ச்சு செல்லின் மின் அழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கைத் தேடுகிறோம். அதுவும் மண்டை ஓடு, தோல், மயிர் ஆகியவற்றைக் கடந்து வெளிவந்த பின்னர். இவ்வளவு சிறியதைப் பிடிக்கும் கருவி, பிடிக்க வேண்டாதவற்றையும் எளிதில் பிடித்துவிடும். கைப் பயிற்சியின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

வரலாற்றைச் சிறிது சொல்லாமல் மேற்செல்ல நம் பாடம் இடந்தராது. 1875ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் ரிச்சர்டு கேட்டன் என்னும் மருத்துவர் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின் ஓட்டம் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். மனித மூளையின் அலையை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிவு செய்தார். ஐந்தாண்டுகள் சரிபார்த்துக் கொண்டே இருந்து 1929இல்தான் வெளியிட்டார். தம் மகனின் தலையிலும் பதிவு செய்து பார்த்தார். கண்ணை மூடி அமைதியாக இருப்போரின் பின் தலையில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழுந்து விழும் அலையை அவர் கண்டார். அதற்கு ஆல்பா என்று பெயர். கண்ணைத் திறந்தால் அது மறையும். உலகம் உடனே நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் செய்து காட்டிய பிறகே அறிவியலுலகம் ஏற்றது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகியோர் வலிப்பு நோயாளிகளின் அலையில் தனி வடிவம் இருப்பதை வெளியிட்டனர். பேய், சாபம், முன்வினை என்று நெடுங்காலம் பேசப்பட்ட நோய், மூளையணுக்களின் மின் கோளாறு என்று தாளில் எழுதப்பட்ட ஆண்டு அது.

பெர்கரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்; மறைத்தால் வரலாறாகாது. 1933இல் நாஜி அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோயுள்ளவர் எனக் கருதப்பட்டோர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் அது. அதன் பட்டியலில் வலிப்பு நோயும் இருந்தது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த மரபுநல நீதிமன்றத்தில் பெர்கரும் அமர்ந்து பணிபுரிந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து வெளிப்படுத்தியுள்ளனர். வலிப்பின் உண்மையை உலகிற்குக் காட்ட வழி திறந்த அதே மனிதர்! பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் கேட்டை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. ஆதலின் இச்செய்தியை நாம் படித்தபோது பக்கத்தைப் புரட்ட நெடுநேரமாயிற்று.

இனி அறைக்குள் செல்வோம்.

பயில்வோர் கையில் முதலில் தரப்படுவது கருவியன்று. ஓர் அளவு நாடாவும் ஒரு சிவப்பு மெழுகுப் பென்சிலும். தையற்கடையில் இருப்பது போன்ற நாடாவேதான். மூக்கின் வேரில், இரு புருவங்களுக்கிடையே உள்ள பள்ளத்திலிருந்து, பிடரியில் கை வைத்தால் தட்டுப்படும் எலும்பு முனை வரை உச்சி வழியாக அளக்க வேண்டும். 36 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அதில் 10 விழுக்காடு 3.6, அங்கே முதற்குறி. பிறகு 20 விழுக்காடு வீதம், அதாவது 7.2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நான்கு குறிகள். எஞ்சுவது மீண்டும் 3.6. கூட்டிப் பாருங்கள், 36 வரும். உச்சிப் புள்ளி சரியாக 18இல் விழும். இவ்வாறே ஒரு காதின் முன்னிருந்து மறு காதின் முன் வரை, பின்னர் தலையைச் சுற்றி. இம்முறைக்குப் பத்து–இருபது முறை என்று பெயர். கனடாவின் மான்ட்ரியால் நகரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் இதை வெளியிட்டார். உலகெங்கும் இன்றும் இதுவே அடிப்படை. இடப்புறப் புள்ளிகளுக்கு ஒற்றைப்படை எண், வலப்புறத்திற்கு இரட்டைப்படை எண், நடுக்கோட்டிற்கு எண்ணே இல்லை. இரு காதுகளையும் சேர்த்து 21 புள்ளிகள்.

சென்டிமீட்டரில் சொல்லாமல் ஏன் விழுக்காட்டில் சொன்னார்? தலைகள் ஒரே அளவின அல்ல. ஐந்து வயதுக் குழந்தையின் தலையும் ஐம்பது வயதினர் தலையும் ஒப்பிடப்பட வேண்டுமானால் பங்கு கணக்கே துணை. ஏழாம் வகுப்பில் ‘இதெல்லாம் எதற்கு உதவும், ஐயா?’ என்று விழுக்காட்டுக் கணக்கைக் கண்டு முகஞ்சுளிக்கும் பிள்ளைகளுக்கு இதையே விடையாகச் சொல்லி வருகிறோம். புள்ளி ஒரு விரற்கடை விலகினால் மூளையின் வேறொரு பகுதியின் செய்தி இப்பகுதியின் பெயரில் எழுதப்படும். நோய் இடம் மாறித் தெரியும்.

பயிற்சியின் தொடக்க நாள்களில் நோயாளி இல்லை. மாணவர் ஒருவர் நாற்காலியில் அமர, மற்றவர் அவர் தலையை அளக்கிறார். பிறகு இடம் மாறுகின்றனர். மயிரை வகிர்ந்து, தோலைத் தேடி, சிறிது தேய்த்துத் துப்புரவு செய்து, மின்சாரத்தைக் கடத்தும் பசையை இட்டு, வட்டில் போன்ற சிறு மின்முனையைப் பொருத்த வேண்டும். தோலுக்கும் மின்முனைக்கும் இடையேயுள்ள தடை 5 கிலோ ஓம்முக்குக் குறைவாக இருத்தல் நலம். கருவியே அளந்து சொல்லும். நம் நாட்டில் இதற்குப் பெரும் பகை தலையெண்ணெய். முதல் நாளே சீயக்காயோ ஷாம்புவோ இட்டு அலசி, எண்ணெய் தடவாமல் வருமாறு சீட்டில் எழுதித் தருவர். நம் தாய்மார்களோ மருத்துவமனைக்குப் போகும் பிள்ளை என்று கூடுதலாக ஒரு கை எண்ணெய் வைத்துச் சீவி அனுப்புவர்! அன்பின் மிகுதியால் பரிசோதனை ஒரு வாரம் தள்ளிப் போகும்.

நம் கண்ணுக்கு அவ்வறையில் பெரிதாகப் பட்டது ஒன்றுண்டு. தலையைத் தொடாமல் இக்கல்வி இல்லை. கையுறை அணிந்தோ அணியாமலோ, இருபது முப்பது நிமிடம் ஒருவர் தலையை மற்றொருவர் இரு கைகளாலும் தாங்கி, மயிர்க்காலைத் தேடி வேலை செய்தே ஆக வேண்டும். தொட மறுப்பவர் தேர்ச்சி பெற இயலாது. நம் முந்தைய தலைமுறையின் தலைக்கு முடி திருத்தவும் மறுத்த ஊர்களை இங்குள்ள முதியோர் அறிவர். சில ஊர்களில் இளையோரும் அறிவர். நாம் அழைத்துச் சென்ற சிறுமியின் தலையை, பெரிய படிப்புப் படித்த மருத்துவர் ஒருவர் குனிந்து நின்று பொறுமையாக வகிர்ந்து கொண்டிருந்ததை அவள் பாட்டி வாயிலில் நின்று பார்த்துக் கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

மின்முனைகள் பொருந்தியதும் பதிவு தொடங்கும். முற்காலத்தில் மைப்பேனாக்கள் நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் தாளில் எழுதின. குறைந்த அளவாகிய 20 நிமிடப் பதிவிற்கு 36 மீட்டர் தாள். இப்போது கணினித் திரை. எனினும் பத்து நொடிக்கு ஒரு பக்கம் என்னும் பழைய வழக்கம் மாறவில்லை.

அத்தனை பக்கங்களையும் படிக்கப் பழகுபவர் முதலில் கற்க வேண்டியது மூளையிலிருந்து வராதவற்றை. கண் சிமிட்டினால் விழி சற்றே மேல்நோக்கி உருளும். விழியே ஒரு சிறு மின்கலம் போன்றதாகையால் நெற்றிப் பகுதியில் பெரிய அலை விழும். பல்லைக் கடித்தால் தசையின் மின்சாரம் கறுப்புப் புதராக எழும். வியர்த்தால் கோடுகள் மெல்ல ஏறி இறங்கும். மின்விசிறி நின்றுவிட்ட சித்திரை மாதத்தில் அதைக் காண வேறெங்கும் போக வேண்டா. நாடி துடிக்கும் குழாயின் மேல் மின்முனை அமர்ந்துவிட்டால் நாடியே அலையாகத் தோன்றும். சுவர்க் கம்பியில் ஓடும் நொடிக்கு 50 சுழற்சி மின்சாரமும் வந்து கலக்கும். கருவி இரு மின்முனைகளின் வேறுபாட்டையே பெருக்குகிறது. இரண்டிலும் சமமாக வரும் இரைச்சல், தராசின் இரு தட்டிலும் வைத்த ஒரே எடை போலக் கழிந்துவிடும். ஒரு மின்முனை சரியாக ஒட்டாவிட்டால் தராசு சாயும், இரைச்சல் எழுந்துவிடும். தன் கையால் பசையிட்டு, தான் செய்த தளர்ச்சியால் எழுந்த இரைச்சலைத் தானே திரையில் கண்டு, எழுந்து போய்த் திருத்தி, அது அடங்குவதைப் பார்த்த மருத்துவர் பிற்காலத்தில் அதை நோய் என்று எழுதமாட்டார். நூலில் படம் பார்த்தவர் எழுதக் கூடும்.

எழுதினால் என்னாகும்? இங்கேதான் நம் மக்களின் வாழ்வு இருக்கிறது. இயல்பான அலையை வலிப்பலை என்று மிகையாகப் படித்து, இல்லாத நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை தரும் தவறு உலகின் பல நாடுகளிலும் நேர்கிறது. நரம்பியலறிஞர்களே எச்சரித்து எழுதுகின்றனர். மாத்திரை மட்டுமா? 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தத்தால் மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாகச் சேர்க்கப்பட்டது. அச்சொல் நீக்கப்பட்டது 1999இல்தான். சட்டம் நீக்கிவிட்டது, பெண் பார்க்க வருவோர் இன்னும் நீக்கவில்லை. ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே அச்சொல்லை எழுதும் கை, எழுதுமுன் மும்முறை பார்க்க வேண்டாமா? இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருமுறை எடுத்த பதிவு இயல்பாக இருந்தால் வலிப்பு இல்லை என்று பொருளன்று. நோயுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே முதற் பதிவில் தடயம் கிடைக்கும். இருபது நிமிடம் என்பது நாளில் எத்தனை சிறு பங்கு! ஆதலின்தான் இரவு குறைவாகத் தூங்கி வரச் சொல்லித் தூக்கத்திலும் பதிவு செய்வர். பளிச்சிடும் விளக்கைக் காட்டுவர். மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சு விடச் செய்வர். அண்மையில் பக்கவாதம் கண்டவர்க்கும் கடும் இதய நோயினர்க்கும் இம்மூச்சுப் பயிற்சி ஆகாது என்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

ஆசிரியப் பெருமக்கள் இங்கே பலர் இருக்கின்றனர். நீங்கள் செவி கொடுத்துக் கேட்க வேண்டுவது அம்மூச்சுப் பயிற்சியைப் பற்றியே. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் கீழே விழுதல் இல்லை, நுரை இல்லை, கைகால் வெட்டி இழுத்தல் இல்லை. பேசிக் கொண்டோ எழுதிக் கொண்டோ இருக்கும் பிள்ளை ஏறத்தாழப் பத்து நொடி விழித்தபடி நின்றுவிடும். பிறகு ஒன்றும் நடவாதது போலத் தொடரும். ஒரு நாளில் பலமுறை நேரலாம். அந்த நொடிகளில் சொன்னது எதுவும் அதன் மனத்தில் பதிவதில்லை. வகுப்பில் இதற்கு என்ன பெயர் தருகிறோம்? கவனமில்லாதவன், மந்தமானவள். சேரியிலிருந்து வரும் பிள்ளையானால் கூடவே இன்னொரு சொல்லும் சில வாய்களில் வரும். அதை இந்த மேடையில் சொல்ல வேண்டா. பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இந்நோயினரோ!

நாம் அழைத்துச் சென்ற சிறுமி அத்தகையவள். தொழில்நுட்ப மாணவி ஒருத்தி அவள் கையில் காகிதக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னாள். விளையாட்டென்று எண்ணிச் சிறுமி ஊதினாள். இரண்டு நிமிடம் கழியுமுன் காற்றாடி நின்றது. கண் நிலைத்தது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக எழுந்து, கூர்முனையும் அலையுமாக நொடிக்கு மூன்று வீதம், வாய்பாடு ஒப்பிப்பது போல் ஒழுங்காக ஓடின. அம்மாணவி பதறவில்லை. ஒரு சொல்லை மெல்லச் சொல்லி, பின்னர் அச்சொல் நினைவிருக்கிறதா என்று வினவினாள், இல்லை. அதையும் நேரத்தையும் பதிவில் குறித்தாள். பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர், ‘நூலில் நூறு முறை பார்த்தேன், இதுவே முதல் முறை’ என்றார். இவ்வகை வலிப்புப் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். சிறுமி இப்போது வாய்பாடு ஒப்பிக்கிறாள்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர் என்றும், தக்க மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் இத்துறைக்கு அடிகோலியவருள் ஒருவர் டாக்டர் ஜேகப் சாண்டி. மான்ட்ரியாலில் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல், நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி 1950இல் தொடங்கினார்.

இளைஞர்களே, கருவி யாருடைய தலையை எண்ணிச் செய்யப்பட்டது என்னும் ஒரு கேள்வியும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் மயிர் அடர்ந்து சுருண்டது. வழக்கமான மின்முனை அதன் நடுவே தோலைத் தொடாமல் மிதக்கும், பதிவு கெடும். பதிவு கெடுகிறது என்று அவர்களை ஆய்வுகளிலிருந்தே விலக்கி வந்தனர். கருவியைக் குறை சொல்லாமல் மயிரைக் குறை சொன்னார்கள் போலும்! பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக் கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்னும் கறுப்பின மாணவி பயில வந்தார். தம் மக்கள் தலைமயிரை வரிவரியாகத் தோலோடு ஒட்டிப் பின்னும் பழைய வழக்கத்தை எண்ணினார். பத்து–இருபது முறையின் புள்ளிகள் வரிகளுக்கிடையே வெளித் தெரியுமாறு பின்னி, அப்பின்னல்களுக்கு அடியில் செருகி நிற்கும் மின்முனைப் பிடிகளைத் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 2020இல் அவ்வாய்வு வெளியாயிற்று. அதற்கு ‘செவோ’ என்று பெயரிட்டனர். ஹெயிட்டி நாட்டு மொழியில் மூளை என்று பொருள். 1929 முதல் தொண்ணூறு ஆண்டுகள் எத்தனையோ பேரறிஞர்கள் அவ்வறைகளில் இருந்தனர். அவர்களுக்கு இது தோன்றவில்லை. அத்தலையை வீட்டில் பின்னிப் பழகிய ஒரு கை உள்ளே வந்தபோது தோன்றிற்று.

அவ்வறைக்குள் செல்லும் வழிகளைக் கூறி அமைவோம். எம்.பி.பி.எஸ்., அதன்பின் எம்.டி., அதன்பின் மூன்றாண்டு நரம்பியல் டி.எம். என்பது நெடுவழி. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இளநிலைப் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020இல் வந்தது. ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காடும் உண்டு. நீட் தேர்வு இதற்கு வேண்டும். மற்றொரு வழி பலர்க்குத் தெரியாதது. மின்முனை பொருத்திப் பதிவு செய்பவர் மருத்துவர் அல்லர், தொழில்நுட்பர். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தின் கீழ் நரம்பு மின் இயங்கியலில் பி.எஸ்ஸி. படிப்பு இருக்கிறது. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர் மதிப்பெண் அடிப்படையில் சேரலாம். பட்டம் பெற்ற பின் படிக்க விரும்புவோர்க்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் ஈராண்டு நரம்புத் தொழில்நுட்பப் பட்டயம் உள்ளது. தலையைத் தொட அருவருப்பில்லாத கையும், விழுக்காட்டுக் கணக்கும், அழும் குழந்தையை அமர்த்தும் பொறுமையும் இருந்தால் போதும்.

மேல்நிலைத் தேர்வு முடிவு வெளிவந்த சில வாரங்களில் விண்ணப்பம் தொடங்கிவிடும். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கைவசம் இல்லாமையால் வாய்ப்பை இழந்தோர் நம்மிடையே உண்டு. இவ்விரண்டையும் தேர்வுக்கு முன்பே வாங்கி வைத்தல் நலம். பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்பிற்கான அரசு உதவித்தொகைக்கும் அவையே வேண்டும். இவ்வாண்டு மேல்நிலை எழுதும் தம்பி தங்கையர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வந்து செயலாளரிடம் பெயரைப் பதிவு செய்து கொள்ளலாம். வலிப்பு நோய் குறித்து வினவ விரும்பும் பெற்றோரும் தனியே வந்து பேசலாம்.